சாய்ந்தன, சாய்த்தன

தபால் வழியில் இதழியல் படிக்கப் போகிறேன் என்று சத்யப்ரியா சொன்னபோது, அவள் கணவன் பூபதி "படிச்சு என்ன செய்யப் போற?" என்று கேட்கவில்லை. "கிளாஸ் ஞாயித்துக்கிழமையா? அப்ப சமையல் யாரு?" என்று மட்டும் கேட்டான். "நீங்கதான்" என்றாள் அவள். தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றுவிட்டான்.

இருவரும் அருப்புக்கோட்டைப் பக்கம். பிழைப்புக்காக ஓசூர் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனியில் இருந்தான். அவள் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்தே பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. அந்தப் பழக்கத்துக்கு ஒரு பட்டம் தருகிறார்கள் என்று தெரிந்ததும் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மார்கழி தொடக்கத்தில் வகுப்பில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். ஒரே சம்பவத்தை மூன்று பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மொழி எப்படி, அமைப்பு எப்படி என்று ஆராய்ந்து எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் கிரிக்கெட், விலைவாசி, தேர்தல் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் மூன்று தமிழ்ப் பத்திரிகைகள் என்றே வைத்துக்கொண்டார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பேப்பர் கடையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கயிற்றில்தான் தொங்கும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கம்பெனி பஸ் ஏறுகிறவள் சத்யப்ரியா. அதில் ஒவ்வொன்று எடுத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது அவளுக்கு ஒரு தடையாகப் படவில்லை. காரணம், மங்கம்மா இருந்தாள்.

மங்கம்மா அந்த வீட்டின் சொந்தக்காரி. கீழே அவள் குடும்பம், மாடியில் இவர்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு, மாலூரில் படித்தது கன்னடம், கடை கண்ணிக்குத் தமிழ். மூன்று மொழியிலும் சிரிப்பாள், மூன்று மொழியிலும் சண்டை போடுவாள். நாற்பது வயது இருக்கும். சத்யப்ரியா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

தேடிக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் மூன்று பேப்பரிலும் ஒரே செய்தி அகப்பட்டது. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு நிலத்துக்குள் யானை புகுந்த செய்தி. மூன்றையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் நேரே கீழ் வீட்டுக்குப் போனாள். மங்கம்மா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"யானையா? எங்க, எங்க, முதல்ல நீ படி" என்றாள் மங்கம்மா, கையை நிறுத்தாமல்.

சத்யப்ரியா தமிழைப் படித்தாள்.

'வேப்பனப்பள்ளி அருகே கர்நாடக வனப்பகுதியில் இருந்து வந்த மூன்று காட்டு யானைகள் விளைநிலத்தில் புகுந்தன. அங்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்த ராகிப் போரைக் கலைத்துத் தின்றன. தண்ணீர்க் குழாயை உடைத்தன. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றை உருட்டிச் சென்றன. வாழைகளும் சாய்ந்தன. இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது. இதற்கிடையே, யானைகள் விரட்டப்பட்டன. அவை மீண்டும் வரக்கூடும் என்று பொதுமக்கள் பீதியில் உள்ளனர்.'

மங்கம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கன்னடப் பேப்பரை வாங்கினாள். இரண்டு வரி படித்ததுமே நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இதுல ஆந்திரா காட்டுலேந்து வந்த யானைன்னு போட்டிருக்கான்!"

தெலுங்குப் பேப்பரை எடுத்தாள். அதில் யானைகள் தமிழ்நாட்டுக் காட்டிலிருந்து வந்திருந்தன. மங்கம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ தேவுடா! எவனுக்குமே அது சொந்த யானை இல்ல பாரு. ராகியத் தின்னுட்டா அத்தன பேரும் பக்கத்து ஊட்டு யானைங்கறான்."

அந்த ஒன்றே போதும், அசைன்மென்ட் முடிந்தது என்றுதான் சத்யப்ரியா நினைத்தாள். மங்கம்மா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு மாடிக்கு வந்தாள். பூபதி இரண்டாம் ஷிப்ட் போயிருந்தான். பென்சிலை எடுத்துக்கொண்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போட்டாள்.

கோடு போடப் போட அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. பரபரப்பு என்ன, பால்கோவாவா, தானாகத் திரண்டு வர? 'ஏற்பட்டது' என்றால் யாருக்கு, யாரால்? 'விரட்டப்பட்டன' சரி, விரட்டியது யார்? அந்த நிலம் யாருடையது என்றுகூட இல்லை. செய்தி முழுக்க மனிதர்கள் என்று பார்த்தால் கடைசியில் பீதியில் இருக்கும் பொதுமக்கள் மட்டும்தான். இதையெல்லாம் விறுவிறுவென்று எழுதினாள். செய்தித்தாள் மொழி செய்தவனை மறைக்கிறது, பொறுப்பைக் கழற்றிவிடுகிறது என்று கொஞ்சம் காரமாகவே எழுதினாள். எழுதி முடித்துப் படித்தபோது தன்மேல் அவளுக்கே ஒரு மரியாதை வந்தது.

இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. மூன்று செய்தியும் ஒரே வரிசையில் போயின. முதலில் ராகி, அடுத்து குழாய், அடுத்து டிரம், அடுத்து வாழை. தமிழில் 'இதற்கிடையே' வந்த இடத்தில் கன்னடத்தில் 'ஈ மத்யே' வந்தது, தெலுங்கில் 'இதிலா உண்டகா' வந்தது. ராகி அழிந்ததை யாரும் எழுதுவார்கள். நீல நிற டிரம் உருண்டதை மூன்று ஊர் நிருபர்கள் தனித்தனியாக வந்து பார்த்து, மூன்று பேரும் மறக்காமல் எழுதுவார்களா? மூன்றுக்கும் பின்னால் ஒரே கைதான் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த வாழை. யானைகள் ராகியைத் தின்றன, குழாயை உடைத்தன, டிரம்மை உருட்டின. அதுவரை எல்லா வாக்கியத்துக்கும் யானைகள்தான் எழுவாய். வாழை வந்ததும் யானைகள் விலகிக்கொண்டன. 'வாழைகளைச் சாய்த்தன' என்று இல்லை. 'வாழைகளும் சாய்ந்தன' என்று இருந்தது. 'த்' வர வேண்டிய இடத்தில் 'ந்'. ஒரு மெய்யெழுத்துதான். அச்சுப்பிழையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். சந்தேகம் விடவில்லை. கீழே இறங்கிப் போனாள்.

"அக்கா, அந்த வாழை வரிய மட்டும் கன்னடத்துல அப்படியே படிங்க."

"பாளெ கிடகளு நெலக்குருளிவெ."

"அப்படின்னா?"

"வாழை மரமெல்லாம் தரையில உருண்டு கெடக்குது."

"யானை உருட்டுச்சுன்னு இல்லையா?"

மங்கம்மா மறுபடி பார்த்தாள். "இல்ல. அதுவா உருண்டிருக்குது."

"தெலுங்குல?"

"அரட்டி செட்லு நேலகொரிகாயி. அதுவும் தன்னாலதான் விழுந்திருக்குது." மங்கம்மா பேப்பரை மடியில் வைத்தாள். "ஏன் சத்யா? அப்ப வாழையச் சாய்ச்சது யாரு?"

மூன்று மொழியில் ஒரே அச்சுப்பிழை வராது. எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். மார்கழியில் மரம் சாய்க்கிற காற்றும் கிடையாது.

சத்யப்ரியாவுக்கு ஒரு பக்கம் கண்டுபிடித்த சந்தோஷம், இன்னொரு பக்கம் தயக்கம். மூன்று பத்திரிகைக்கும் எழுதுவது ஒரே ஆள் என்று அசைன்மென்டில் எழுதி, அது யார் காதிலாவது விழுந்து, அந்த மனிதரின் பிழைப்பு போய்விட்டால்? ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவதுதான் முறை என்று பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. வேப்பனப்பள்ளி போய் வருகிறேன் என்றதும் மங்கம்மாவும் கிளம்பிவிட்டாள்.

"நீங்க எதுக்குக்கா அலையணும்?"

"வாழையச் சாய்ச்சது யாருன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. வா, வா, பஸ்ஸு போயிடும்."

கிருஷ்ணகிரியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, குந்தாரப்பள்ளியில் திரும்பி, மாந்தோப்புகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தார்கள். வேப்பனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் பேப்பர் ஏஜென்ட் யார் என்று கேட்டார்கள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையைக் காட்டினார்கள். எஸ்.டி.டி., ஃபேக்ஸ், ஜெராக்ஸ் என்று மூன்று மொழியில் எழுதிய போர்டு. உள்ளே, மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டே, வாசலில் நின்றவருக்குக் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் குருமூர்த்தி.

கூட்டம் கலைந்ததும் சத்யப்ரியா மூன்று பேப்பரையும் மேஜையில் பரப்பினாள். "சார், இது மூணும் நீங்க எழுதுனதுதான?"

"நானா? நான் வெறும் ஏஜென்டுங்க. பேப்பர் போடறதோட சரி."

"நீல டிரம் சார்" என்றாள் சத்யப்ரியா. "மூணுலயும் இருக்கு. அதுவும் குழாய்க்கு அடுத்தாப்புல."

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். மூன்று பேப்பரையும் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். அவள் போட்டிருந்த பென்சில் கோடுகளை விரலால் தொட்டார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"உக்காருங்கம்மா. டீ சொல்றேன். பத்து வருஷமா எழுதறேன். என் நியூஸ ஒருத்தர் ரெண்டாவது தடவ படிச்சது இப்பத்தான். எம் பொண்டாட்டி ரேவதி ஒரு தடவகூடப் படிக்க மாட்டா."

சத்யப்ரியா தயங்கிச் சொன்ன பயத்தை அவர் ஒரு பேச்சில் தள்ளிவிட்டார். மூன்று பத்திரிகைக்கும் இந்த மூலையில் ஆள் கிடையாது. மூவருமே அவர் மற்றவர்களுக்கும் எழுதுகிறார் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். பெயரும் போடுவதில்லை, 'நமது நிருபர்' என்றுதான் போடுகிறார்கள். "அதனால தாராளமா எழுதுங்க."

"அப்ப யானை எந்த ஊருங்க?" என்று மங்கம்மா குறுக்கே புகுந்தாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? பாக்கறவங்க கண்ணுல படறப்ப அது ராகிப் போர்ல நிக்குது. நான் 'எல்லைக் காட்டிலிருந்து'ன்னுதான் அனுப்பறேன். எந்த எல்லைன்னு அங்க டெஸ்க்ல முடிவு பண்ணிக்கறாங்க."

டீ வந்தது. சத்யப்ரியா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "சார், வாழை மட்டும் ஏன் தன்வினையில வந்துச்சு?"

குருமூர்த்தி டீயை உறிஞ்சப் போனவர் நிறுத்தினார். "அதையுமா பாத்தீங்க?"

"மூணு பாஷையிலயும் பாத்தோம்" என்றாள் மங்கம்மா பெருமையாக.

"பொய் எழுதலம்மா நான். வாழை சாய்ஞ்சது நெசம்" என்றார் அவர் மெதுவாக. "யாரு சாய்ச்சதுன்னு எனக்குத் தெரியும். ஆனா எழுதாதேன்னு கேட்டுக்கிட்டாங்க. எழுதாம விட்டா, வாழை போனது ஊருக்கே தெரியுது, ஏன் விட்டேம்பாங்க. யானை சாய்ச்சதுன்னு எழுத எனக்குக் கை வரல. அரை நாள் யோசிச்சு அந்த ஒரு வரிய எழுதுனேன். அத நீங்க வந்து புடிச்சுட்டீங்க."

சத்யப்ரியாவுக்குத் தான் எழுதி வைத்திருந்த காரமான பத்தி நினைவுக்கு வந்தது. பொறுப்பைக் கழற்றிவிடும் மொழி என்று எழுதியிருந்தாள். இந்த மனிதர் அந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டு அரை நாள் உட்கார்ந்திருக்கிறார். காது லேசாகச் சூடாயிற்று.

"யாருன்னு கேக்கலாமா சார்?"

"அவங்களக் கேக்காம நான் சொல்ல முடியாதுங்க. வாங்க, பக்கத்துலதான். அவங்களே சொன்னா சொல்லட்டும்."

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மண் ரோட்டில் அழைத்துப் போனார். ஒரு மாந்தோப்பைத் தாண்டியதும் நிலம் வந்தது. களத்தில் ஒரு அம்மா ராகி தூற்றிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, உறுதியான தோள்கள். அவர்தான் சரோஜம்மாள். கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்பு டிராக்டர் நின்றது. அதற்கப்பால் வாழைத் தோட்டம், அதன் நடுவே ஒரு சந்து போல வெறும் இடம்.

யாரோ பேப்பர்க்காரர்கள் என்று சரோஜம்மாள் முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். மங்கம்மா தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். எந்த ஊர், எந்தக் குலம், யாருக்கு யார் சம்பந்தி என்று பேச்சு போய், கடைசியில் மங்கம்மாவின் சித்தி ஒருத்தி இவருக்குத் தூரத்து உறவு என்று ஆயிற்று. முறம் கீழே இறங்கியது. எல்லாருக்கும் உட்காரச் சாக்கு விரித்தார்.

குருமூர்த்தி விஷயத்தைச் சொன்னதும், "இந்தப் பொண்ணு எழுத்தப் பாத்தே கண்டுபுடிச்சுதா?" என்று சத்யப்ரியாவை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் ரோட்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க ஊட்டுக்காரரு அன்னிக்குக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு, அவங்க அண்ணனப் பாக்கப் போயிட்டாரு. விடிஞ்சும் விடியாம நான் எழுந்து வந்தா, போர்ல மூணு நிக்குது. பெருசு ஒண்ணு, அதுல பாதி ரெண்டு. கத்துனேன். திரும்பிக்கூடப் பாக்கல. தட்டு எடுத்துத் தட்டுனேன். காத ஆட்டிட்டுத் தின்னுது. ஒரு வருஷத்து ராகி கண்ணு. எனக்கு வந்துது பாரு ஒரு கோவம்! டிராக்டர் மேல ஏறிட்டேன்."

"ஓட்டத் தெரியுமா?" என்றாள் மங்கம்மா.

"சாவி போடத் தெரியும். ஹாரன் அடிக்கத் தெரியும். அவரு ஓட்டறப்பப் பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். ஸ்டார்ட் பண்ணி, ஹாரன அழுத்திப் புடிச்சுக்கிட்டு, கியரப் போட்டுக் கால எடுத்தேன். குதிச்சுது பாரு வண்டி! நானும் கத்தறேன், வண்டியும் கத்துது, மூணும் வால முறுக்கிட்டு ஓடுது. போற போக்குல அந்த டிரம்ம எத்திட்டுப் போச்சு. யானைங்க போயிடுச்சு, சரி. எனக்கு வண்டிய நிறுத்தத் தெரியல."

அவர் கையால் வாழைத் தோட்டத்தைக் காட்டினார்.

"நேரா அதுக்குள்ள போயிட்டேன். படபடபடன்னு அத்தனையும் சாயுது. நடுவுல சேத்துல மாட்டி அதுவா நின்னுச்சு. குருமூர்த்தியும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஓடி வந்து வண்டிய வெளிய எடுத்தாங்க. ஏலக்கி வாழைம்மா அது. எங்க ஊட்டுக்காரரு சொந்தக் கொழந்தையக்கூட அப்படி வளக்கல. நான்தான் சாய்ச்சேன்னு எப்படிச் சொல்லுவேன்? யானை புகுந்துதுன்னு ஊரே பேசுது. நானும் பேசாம இருந்துட்டேன்."

மங்கம்மா சிரிக்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதற்குள் ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டது. சரோஜம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வந்தவர் அவர் கணவர் மாதப்பன். நரைத்த மீசை, தோளில் துண்டு.

குருமூர்த்தி, "ஓசூர்லேந்து வந்திருக்காங்க. பேப்பர் நியூஸ ஆராய்ச்சி பண்றாங்க" என்று அறிமுகம் செய்தார்.

"நம்ம யானை நியூஸா?" மாதப்பன் ஆர்வமாகிவிட்டார். சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அதுல என்னம்மா ஆராய்ச்சி?"

"அது வந்துங்க... என்னென்ன போட்டிருக்காகன்னு பாக்குறது. ராகிய யானை தின்னுச்சு, குழாய உடைச்சுச்சு, அப்புறம்..." சத்யப்ரியா சரோஜம்மாளைப் பார்த்தாள். முறம் அசையாமல் நின்றது. "அப்புறம், வாழை... சாய்ஞ்சுபோச்சுன்னு போட்டிருந்துச்சுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. குருமூர்த்தி கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"ஆமாம்மா" என்றார் மாதப்பன். "என்ன ஒழுங்கான யானைங்க தெரியுமா? புகுந்த எடத்துலேந்து நேர்கோடா, கோணாம போயிருக்குது. அதுலயும் பாருங்க, ரெண்டு பக்கமும் டயர் தடம். இந்தக் காலத்து யானை டயர் மாட்டிக்கிட்டு வருதாட்டம் இருக்குது."

 சரோஜம்மாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும். டிராக்டர்ல வாழைத் தார் சிக்கியிருக்குது, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகிட்டேவா தெனமும் சோறு திங்கறப்ப அந்த யானைய அந்தத் திட்டு திட்டுன? பாழாப் போன யானை, கண்ணு அவிஞ்ச யானை, வண்டி ஓட்டத் தெரியாத யா..." பாதியில் நிறுத்தினார். "அடப்பாவி. வண்டி ஓட்டத் தெரியாத யானைன்னு ஒரு நாள் சொன்ன. நீ அத வாய் தவறிச் சொல்றன்னு நெனச்சேன்!"

அதற்கு மேல் மங்கம்மாவால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் குருமூர்த்தியும் சேர்ந்தார். சரோஜம்மாள் முறத்தால் கணவர் தோளில் ஒன்று வைத்தார். மாதப்பன் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் சத்யப்ரியாவிடம் சொன்னார்:

"ஒத்த ஆளா மூணு யானைக்கு முன்னால நின்னிருக்காம்மா. உசுரோட இருக்கறாளே. நான் அன்னிக்கு வந்து அந்தத் தடத்தப் பாத்துட்டு அங்கயே உக்காந்துட்டேன்.  வாழைய வெச்சு அவகிட்ட என்னத்தக் கேக்கறது? அவளா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சரி, யானையத் திட்டியாவது பாப்பமேன்னு திட்டுனேன்."

சரோஜம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போய்ச் சொம்பில் மோர் கொண்டுவந்தார். முதல் டம்ளரைக் கணவருக்குத்தான் கொடுத்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குருமூர்த்தியிடம் திரும்பினார்.

"இனிமே என்ன? இவருக்கே தெரிஞ்சு போச்சு. எம் பேரப் போட்டு எழுது."

"நியூஸ் பழசாப் போச்சுங்களே அம்மா."

"யானைய ஓட்டுனது பழசாயிடுமா? எழுது."

குருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். யோசித்தார். அதைச் சத்யப்ரியாவிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க. நான் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் மாத்திக்கறேன்."

அவள் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். 'வேப்பனப்பள்ளி அருகே' என்று எழுதினாள். அதற்கடுத்து கை தானாக 'பரபரப்பு' என்று போயிற்று. அடித்தாள். 'யானைகள் விரட்டப்பட்ட சம்பவத்தில்' என்று எழுதினாள். அதையும் அடித்தாள். பத்து வருஷம் எழுதியவரை மூன்று நாளாகப் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு வாக்கியம் வர மறுத்தது.

"என்னம்மா, நான் ஓட்டுனேன்னு எழுதறதுக்கு இவ்ளோ நேரமா?" என்றார் சரோஜம்மாள்.

சத்யப்ரியா அவரைப் பார்த்தாள். அப்புறம் எழுதினாள்: 'வேப்பனப்பள்ளி அருகே விவசாயி சரோஜம்மாள், தன் ராகியைத் தின்ற மூன்று யானைகளை டிராக்டர் ஓட்டி விரட்டினார். அவர் அதற்கு முன் டிராக்டர் ஓட்டியதில்லை. நிறுத்தத் தெரியாததால் தன் வாழைகளையும் அவரே சாய்த்தார்.' அதன் பிறகு வாக்கியங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. படித்துக் காட்டியபோது சரோஜம்மாள் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஹாரன விட்டுட்டியே" என்றார். ஹாரனையும் சேர்த்தாள்.

செய்தி அந்த வாரமே வந்தது. கன்னடப் பத்திரிகை போடவில்லை. தெலுங்குப் பத்திரிகை, சரோஜம்மாள் டிராக்டரில் உட்கார்ந்திருக்கும் படத்தோடு பெரிதாகப் போட்டது. படத்தில் பக்கத்தில் நின்ற மாதப்பனையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. தலைப்பில் அவர்களாகவே ஒரு 'பரபரப்பு' சேர்த்திருந்தார்கள். சத்யப்ரியா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே அவள் வாக்கியங்கள் அப்படியே இருந்தன.

அசைன்மென்டின் காரமான பத்தியை அவள் கிழித்துப் போடவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பகுதி சேர்த்தாள். செய்தவர் இல்லாத வாக்கியம் சில நேரம் சோம்பல், சில நேரம் பயம், சில நேரம் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு. எது எது என்று வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, போய்க் கேட்க வேண்டும் என்று எழுதினாள். மதிப்பெண் நன்றாகவே வந்தது. ஆசிரியர் ஓரத்தில், 'வாழைப் பகுதியைத் தனிக் கட்டுரையாக எழுதலாமே' என்று குறித்திருந்தார்.

தை பிறந்து சில நாள் கழித்துக் குருமூர்த்தி போன் செய்தார். அந்தத் தமிழ்ப் பத்திரிகைக்கு ஓசூர்ப் பக்கம் செய்தி அனுப்ப ஓர் ஆள் தேவைப்படுகிறதாம், வகுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் போதுமாம். அவள் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். பூபதி கேட்டுவிட்டு, "போயேன், உனக்கு வாய்ச்ச வேலை" என்றான்.

முதல் வேலையாக ரோஜாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். காதலர் தினத்துக்கு ஓசூரிலிருந்து வெளிநாட்டுக்குப் பூ போகும் சமயம். ஊருக்கு வெளியே, பாலிதீன் கூரை போட்ட ஒரு தோட்டத்துக்குக் காலையிலேயே போனாள். மேனேஜர் வாசலில் நின்றபடியே எல்லாம் சொல்லிவிட்டார். பூ வெட்டப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, குளிரூட்டப்படுகிறது, அனுப்பப்படுகிறது. அவள் மரியாதையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"உள்ள போய்ப் பாக்கலாமா சார்?"

"போங்க. ஆனா அவங்க வேலையில இருப்பாங்க."

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வரிசைக்கு வரிசை மொட்டுகள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றிய ஒரு பெண் கத்தரியோடு நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். புது ஆள் யாரோ வந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். சத்யப்ரியா பெயர் கேட்டாள்.

"மாரம்மா" என்றாள் அந்தப் பெண். "பேப்பர்ல வருமா? அப்ப எங்க அக்காவையும் கூப்பிடறேன், இருங்க. அவதான் எனக்கு முள்ளு குத்தாம வெட்டக் கத்துக் குடுத்தா. ஏய் அக்கா, இங்க வா, இவங்க என்னமோ கேக்கறாங்க!"

சத்யப்ரியா ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டு, நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள்.